பேட்டரி இல்லாமல் ஒளிரும் கோட்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஆபீசுக்கும் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கும் ஒரே கோட் போதும் என்று சொன்னார்கள், வாங்கினேன். ஆபீசில் அது சாதாரண சாம்பல் நிறக் கோட். கிளம்பும்போது கை மடிப்பைத் திருப்பி, காலரை நிமிர்த்தி, முதுகில் உள்ள மடிப்பை இறக்கிவிட்டால் ஒரு பட்டை வெளியே வருகிறது. அந்தப் பட்டையும் சாம்பல் நிறம்தான். ஆனால் பின்னால் வந்த என் தோழி, ஹெட்லைட் பட்டதும் அது பளீரென்று எரிந்தது என்கிறாள். வீட்டில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே பேட்டரி ஏதாவது இருக்கிறதா? மழையில் நனைந்தால் ஷாக் அடிக்குமா?"

பேட்டரி இல்லை. ஷாக்கும் அடிக்காது. ஆனால் மழையை நினைத்துப் பயப்பட வேறொரு காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படி உருமாறும் உடைகளில் பெரும்பகுதி தையல்காரரின் சாமர்த்தியம்தான். முழங்காலில் ஜிப்பைக் கழற்றினால் அரைக்கால் பேன்ட் ஆகிவிடும் பேன்ட், இரண்டு பக்கமும் திருப்பிப் போடும் ஜாக்கெட், காலருக்குள் சுருண்டு மறையும் தொப்பி எல்லாம் இந்த வகை. லீவைஸ் நிறுவனம் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கொண்டுவந்த 'கம்யூட்டர்' ஜீன்ஸில் இதே மாதிரிப் பட்டையைக் காலின் உட்புறத்தில் தைத்திருந்தார்கள். ஜீன்ஸின் கால் விளிம்பை மேலே மடித்துவிட்டால் சாலைக்கு, இறக்கிவிட்டால் ஆபீசுக்கு. ஜிப்பும் வெல்க்ரோவும் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கையில் வைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும். அந்தச் சாம்பல் பட்டை அப்படியில்லை. வெறும் கண்ணுக்கு அது எதையும் காட்டிக்கொடுக்காது.

ஒளி ஒரு பொருளின் மேல் பட்டால் என்ன ஆகும்? துணியில் பட்டால் எல்லாப் பக்கமும் சிதறும். முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டால் வந்த கோணத்திலேயே மறுபக்கமாகத் திரும்பிப் போகும். இது பள்ளிப் பாடம். இரண்டுமே இரவில் வண்டி ஓட்டுகிறவருக்குப் பெரிதாக உதவாது. சிதறிய ஒளியில் அவர் கண்ணுக்கு வந்து சேர்வது சொற்பம். கண்ணாடி திருப்பி அனுப்பும் ஒளியோ யாரோ ஒருவரின் மொட்டைமாடிக்குப் போய்விடும். நமக்கு வேண்டியது மூன்றாவது வகை: ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும் பரப்பு. இதை ரெட்ரோ ரிஃப்ளெக்டர் என்பார்கள்.

அந்தப் பட்டையை நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நெசவு தெரியாது. நெருக்கமாக ஒட்டிய மணல் மாதிரி ஒன்று தெரியும். அவை கண்ணாடி உருண்டைகள். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறக்குறைய 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் இருபதை வரிசையாக அடுக்கலாம். இடைவெளியின்றி அடுக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 40,000 உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையின் பின்பாதிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சு உண்டு. முன்பாதி திறந்திருக்கும்.

ஒளி உருண்டைக்குள் நுழையும்போது வளைகிறது. வளைந்த கதிர்கள் குவிந்துகொண்டே பின்சுவரை நோக்கிப் போகின்றன. அவை சரியாகப் பின்சுவரிலேயே ஒரு புள்ளியில் சேர்ந்தால், அங்கிருக்கும் அலுமினியம் அவற்றைத் திருப்பிவிடும். மேல்பக்கமாக வந்த கதிர் கீழ்பக்கமாக வெளியேறும், கீழே வந்தது மேலே போகும். வெளியேறும்போது மறுபடி அதே அளவு வளையும். இரண்டு வளைவும் சேர்ந்து, கதிர் வந்த பாதைக்கு இணையாக, வந்த திசையிலேயே திரும்பிப் போகும். உருண்டைக்கு முன், பின், பக்கவாட்டு என்று எதுவும் இல்லாததால், கோட் சற்றுத் திரும்பியிருந்தாலும் கசங்கியிருந்தாலும் வேலை நடக்கும். கண்ணாடியைக் குறிபார்த்துப் பிடிக்க வேண்டும், இதற்குக் குறியே தேவையில்லை. எனக்கு இதில் அலுக்காத அழகு இதுதான்.

கதிர்கள் சரியாகப் பின்சுவரில் குவிய வேண்டும் என்றேன். அதைத் தீர்மானிப்பது ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண். ஜன்னல் கண்ணாடிக்கு அது 1.5. அந்தக் கண்ணாடியில் உருண்டை செய்தால் நடுப்பகுதிக் கதிர்கள் பின்சுவரையும் தாண்டி வெளியேதான் குவியும். கணக்குப் போட்டால் எண் 2 இருக்க வேண்டும் என்று வரும். ஆனால் பட்டைகளில் வழக்கமாகப் பயன்படுவது 1.9 எண்ணுள்ள கண்ணாடி. பேரியம், டைட்டானியம் ஆக்சைடுகளைச் சேர்த்து அதைச் செய்கிறார்கள். ஏன் சரியாக 2 இல்லை?

எண் 2 என்பது உருண்டையின் நட்டநடுவில் விழும் கதிர்களுக்கு மட்டுமே பொருந்தும். விளிம்பை நோக்கிப் போகப் போகக் கதிர்கள் அளவுக்கு மீறி வளைந்து, பின்சுவருக்கு முன்னாலேயே ஒன்றையொன்று கடந்துவிடும். எண்ணைக் கொஞ்சம் குறைத்து 1.9 ஆக்கினால், நடுக்கதிர் லேசாகத் தவறும். பதிலாக, மையத்திலிருந்து ஆரத்தின் 60 சதவீதத் தூரத்தில் விழும் கதிர்கள் எல்லாம் அச்சாகப் பின்சுவரில் சேரும். நடுப்புள்ளியின் பரப்பு எவ்வளவு, அந்த வளையத்தின் பரப்பு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். வளையம்தான் பெரிது, அதன் வழியாகத்தான் அதிக ஒளி நுழைகிறது. நடுவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வளையத்தில் நிறையப் பெற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓர் உருண்டை துளியும் பிசகாமல் வந்த ஒளி முழுவதையும் வந்த இடத்துக்கே அனுப்பினால் என்ன ஆகும்? ஒளியெல்லாம் ஹெட்லைட்டுக்கே திரும்பிப் போய்விடும். ஓட்டுகிறவரின் கண் ஹெட்லைட்டில் இல்லை, அதற்கு அரை மீட்டர், முக்கால் மீட்டர் மேலே இருக்கிறது. உருண்டையின் சின்னச் சின்னப் பிசகுகள் திரும்பும் ஒளியை ஒரு குறுகிய கூம்பாக விரிக்கின்றன, அந்தக் கூம்பின் ஓரத்தில்தான் ஓட்டுநரின் கண் இருக்கிறது. காரில் வருகிறவருக்கு 50 மீட்டர் தூரத்தில் கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவே உள்ள கோணம் அரை பாகையைச் சற்றே தாண்டும். லாரியில் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அதே தூரத்தில் அது ஒன்றரை பாகைக்கு மேல் போகலாம். அதனால் கார்க்காரருக்குப் பளிச்சென்று தெரியும் பட்டை லாரிக்காரருக்கு மங்கலாகத் தெரியும். ஓசூர் ரோட்டில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாசகி கண்ணாடி முன் நின்றபோது ஒன்றும் தெரியாததற்கும் இதுவே காரணம். அறை விளக்கு உத்தரத்தில் இருந்தது, பட்டை ஒளியை உத்தரத்துக்கே அனுப்பியது. இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, கோட்டை மூன்று மீட்டர் தள்ளி ஆணியில் மாட்டுங்கள். செல்போன் டார்ச்சை நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பட்டை கண்ணைக் கூசும். பிறகு கையைப் பக்கவாட்டில் நீட்டி டார்ச்சை முகத்திலிருந்து விலக்குங்கள். கோட்டின் மேல் அதே ஒளிதான் விழுகிறது, ஆனால் பட்டை அணைந்துவிடும்.

எவ்வளவு பிரகாசம்? ஈஎன் ஐஎஸ்ஓ 20471 என்ற தரக்குறியீடு, சாலைப் பணியாளர் உடையில் தைக்கும் புதிய பட்டை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் 330 அலகாவது திருப்ப வேண்டும் என்கிறது. அதே அலகில் நல்ல வெள்ளைத் தாள் திருப்புவது சுமார் 0.3 மட்டுமே. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன், அது போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

சரி, மழைக்கு வருவோம். டார்ச் சோதனையைச் செய்துகொண்டே பட்டையின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நனைந்த இடம் பெரும்பாலும் மங்கிப்போகும். உருண்டைக்கு வெளியே காற்று இருக்கும் என்று நம்பித்தான் 1.9 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீரின் எண் 1.33. நீர்ப்படலம் மூடிய உருண்டைக்குள் ஒளி வளைவது 1.9-ஐ 1.33-ஆல் வகுத்த அளவுக்குத்தான், அதாவது 1.43. அது ஜன்னல் கண்ணாடியைவிட மோசம். சரியாகக் குவியும் அந்த வளையம் உருண்டையின் விளிம்புக்கே தள்ளப்பட்டு, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். மழையிரவில் சாலையின் வெள்ளைக்கோடு காணாமல் போவதும் இதனால்தான், அந்தப் பெயின்டிலும் கண்ணாடி மணிகளைத் தூவியிருப்பார்கள். நனைந்தாலும் தெரிய வேண்டிய சாலைக் குறிகளுக்கு 2.4 எண்ணுள்ள மணிகளும் இருக்கின்றன. 2.4-ஐ 1.33-ஆல் வகுத்தால் 1.8 கிடைக்கிறது, அது போதும்.

உடைக்கு வேறொரு வழி உண்டு: உருண்டைக்குப் பதில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் சந்திக்கும் குட்டி மூலைகள். கேரம் போர்டின் மூலையை ஒட்டி இரண்டு கட்டைகளிலும் மோதும் காய் வந்த திசைக்கே இணையாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு மூன்றாவது சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூலைகளை வெளிப்படையான பிளாஸ்டிக்கில் வார்த்து, பின்னால் காற்றை அடைத்து ஒட்டிவிட்டால், மேலே மழை பெய்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. தேன்கூட்டுக் கட்டம் போட்ட வழவழப்பான பட்டைகள் இந்த வகைதான். துணியில் அவை கொஞ்சம் விறைப்பாக நிற்கும், ஆபீஸ் கோட்டில் மறைத்துத் தைப்பது கடினம்.

இதே மூலைகள் நிலவிலும் இருக்கின்றன. 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நூறு மூலைகள் கொண்ட தட்டு ஒன்றை வைத்துவிட்டு வந்தார்கள். நம் சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் மேலும் சுமார் 5 செ.மீ. அகலமுள்ள ஒரு சிறு அலுமினியக் குவிமாடத்தில் எட்டு குவார்ட்ஸ் மூலைகள் உட்கார்ந்திருக்கின்றன, அது நாசா கொடுத்தது. 2023 செப்டம்பரில் உறங்கவைத்த விக்ரம் மறுபடி விழிக்கவில்லை. ஆனால் டிசம்பர் 12 அன்று, சுமார் 100 கி.மீ. தூரத்தில் பறந்த நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் லேசரைப் பாய்ச்சியபோது அந்தக் குவிமாடம் ஒளியைத் திருப்பி அனுப்பியது. மின்சாரமே இல்லாத இடத்தில் இன்னும் பல ஆண்டுகள் அப்படியே பதில் சொல்லும்.

பெங்களூரில் விடியும் முன்பே தெருவில் இறங்கும் பௌரகார்மிகர்கள் (மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள்) போட்டிருக்கும் மேலங்கிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. பல பட்டைகள் வெளுத்து, உரிந்து, வெறும் சாம்பல் துணியாகிவிட்டன. உருண்டைகள் ஒரு பசைப்படலத்தில் பாதி மட்டுமே புதைந்திருப்பவை. கல்லில் அடித்துத் துவைத்தால் அவை உதிரும். சலவைச் சோடாவும் ப்ளீச்சும் அலுமினியத்தை அரித்துவிடும். சர்வதேசத் தரம் கேட்கும் சலவைச் சோதனை இயந்திரச் சலவைக்கானது. நம் துவைகல்லுக்கும் சோப்புக்கட்டிக்கும் ஏற்ற சோதனை வேண்டும். 1956 முதல் கோவையில் இயங்கும் சிட்ரா மாதிரியான ஜவுளி ஆய்வு நிறுவனங்களிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம், பெரிய செலவில்லை. 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் பட்டை ஆராய்ச்சிக்குக் கிடைக்காது, அதற்காகப் பணத்தையும் மறுப்பது நியாயமில்லை.

ஆயுத பூஜையன்று திருஷ்டி கழிக்க நடுரோட்டில் உடைக்கும் பூசணிக்காய் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்று இரவு அதில் சறுக்கி விழுவது யாரோ ஒருவரின் பிள்ளை. வண்டிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற விருப்பத்தில் தவறே இல்லை. அதே கையோடு பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரில் படிந்த சேற்றைத் துடைத்துவிட்டால் பாதுகாப்பு நிஜமாகவே கிடைக்கும்.

கடைசியாக, பட்டையை எங்கே தைப்பது? ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் யோஹான்சன் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்தார். அவர் அசையாமல் இருந்தபோது அவை வெறும் புள்ளிகள். நடந்த மாத்திரத்தில், பார்த்தவர்கள் மனிதர் என்று கண்டுகொண்டார்கள். மார்பில் ஒரே பெரிய பட்டை இருந்தால் அது அறிவிப்புப் பலகை போலவும் தோன்றலாம். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்று அசையும் இடங்களில் இருந்தால் ஓட்டுநரின் மூளை உடனே மனிதர் என்று முடிவுகட்டும்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கால் அசையாது, எனவே வாசகியின் கோட்டில் முதுகும் கையும் சரியான இடங்களே. நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் புது கோட் வாங்க வேண்டாம். இரண்டு அங்குலப் பட்டையை வாங்கிப் பழைய பேன்ட்டை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தையல்காரரிடம் போங்கள். காலின் உள்பக்கம், விளிம்பிலிருந்து ஒரு விரல் மேலே, பட்டையின் இரு ஓரங்களில் மட்டும் தையல் ஓடும்படி தைக்கச் சொல்லுங்கள், நடுவில் ஊசி இறங்கினால் அந்த இடத்து மணிகள் போய்விடும். இஸ்திரிப் பெட்டியை நேராகப் பட்டையின் மேல் வைக்க வேண்டாம். துவைக்கும்போது பட்டையைத் தேய்க்காமல் அலசிவிடுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை டார்ச்சை நெற்றியில் வைத்துப் பாருங்கள். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பட்டையைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்.