சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி: எரிச்சல் ஏன் வருகிறது?

நம் இடது கையில் தழும்பு விட்டுப்போன அதே காசநோய்த் தடுப்பூசி, பிசிஜிதான். அதற்காக 1948-லேயே கிண்டியில் ஆய்வகம் தொடங்கிய ஊர் இது. சிறுநீர்ப்பையின் உள்தோலோடு நிற்கும் புற்றுக்கு அந்த உயிருள்ள கிருமியைப் பைக்குள்ளேயே விடுகிறார்கள். தசைக்குள் இறங்கிவிட்ட புற்றுக்கு இது போதாது.

கட்டியைச் சுரண்டி எடுத்து, குறைந்தது 2 வாரம் புண் ஆறவிட்டுத்தான் தொடங்குவார்கள். 80 மி.கி. பிசிஜியை 50 மில்லி சலைனில் கலந்து, கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக அழுத்தாமல் தானே இறங்கவிட வேண்டும். 2 மணி நேரம் அடக்க வேண்டும். வாரம் ஒன்று, மொத்தம் 6. அந்த 6-க்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை: 1976-இல் கனடாவில் மொராலஸ் இதை முதலில் எழுதியபோது அவருக்குக் கிடைத்த மருந்து 6 குப்பிகளாக வந்தது!

உள்ளே போன கிருமி, சுவரிலுள்ள ஃபைப்ரோநெக்டின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். புற்றுச் செல் அதை விழுங்கியதும் கிருமியை அடையாளம் காணும் டிஎல்ஆர் உணர்விகள் விழித்து, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 என்ற அழைப்புப் புரதங்கள் வெளியே போகும். பின்னதன் அழைப்புக்கு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஓடிவந்து டிரெயில் என்ற புரதத்தை விடும். அது செல்லின் மேலுள்ள மரண ஏற்பியில் உட்கார்ந்தால் உள்ளே காஸ்பேஸ்-8 என்ற நொதி கிளம்பி காஸ்பேஸ்-3-ஐ எழுப்பும். அந்தக் கத்தரி செல்லின் புரதங்களைத் துண்டுபோடும். எதிர்ப்புச் சக்தியின் டி செல்களும் என்கே செல்களும் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, செல்லைக் கொல்லும் கிரான்சைம் நொதியைச் செலுத்துவது தனி வேலை. வெடித்துச் சாகும் செல்கள் கொட்டும் எச்எம்ஜிபி1 என்ற புரதம் இன்னும் படையை அழைக்கும். பைக்குள் நடக்கும் இந்தச் சண்டையில் நோயாளிக்குத் தெரிவது எரிச்சலும் அடிக்கடி போகும் அவஸ்தையும்தான்.

இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். எரிகிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டால் அது பிசிஜியையே கொல்லும். டாக்டரைக் கேட்காமல் எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். கதீட்டர் போடும்போது ரத்தம் வந்தால் அன்றைய டோஸைத் தள்ளிப்போட வேண்டும். காயம் வழியே கிருமி ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. நடுக்கத்தோடு கடும் காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மருந்து நீர்த்துப்போகாமலிருக்க 4 மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள். சித்திரை வெயிலில் காலை முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக்குப் பிறகு 6 மணி நேரம், ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும், நின்றால் தெறிக்கும். ஒவ்வொரு முறையும் சிறுநீர் அளவுக்கு ப்ளீச் ஊற்றி, 15 நிமிடம் கழித்துத் தண்ணீர் விடுங்கள்.