ஒரு விநாடிக்குக் கால் மைல்

கப்பல் தளத்தில், வானில் சூரியனின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியைப் பிடித்து நிற்பவர், சூரியனின் பிம்பத்தைக் கண்ணாடி வழியாக மெல்லக் கீழே இறக்குகிறார். அதன் அடிவிளிம்பு தொடுவானக் கோட்டை உரசியதும் குரல் கொடுக்கிறார். கடிகாரத்தோடு பக்கத்தில் இருப்பவர் முதலில் விநாடியைக் குறிக்கிறார், அடுத்து நிமிடத்தை, கடைசியில்தான் மணியை. மணி முள் எங்கும் ஓடிவிடாது. விநாடி முள் ஓடிவிடும்.

அந்த ஒரு விநாடிக்கு என்ன விலை? பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம் பழைய கணக்கில் நாழிகைக்கு 6 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. பூமத்திய ரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு விநாடிக்குக் கால் மைல், ஏறத்தாழ 463 மீட்டர் வருகிறது.

அட்சரேகைக்கு இவ்வளவு துல்லியமான நேரம் தேவையில்லை. துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே அட்சரேகை. தீர்க்கரேகைதான் கடிகாரத்தைக் கேட்கும். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் செய்த எச்4 கடிகாரம் 1761-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது, அதன் வழக்கமான தினசரிப் பிழையைக் கழித்த பிறகு, சுமார் 5 விநாடிதான் பின்தங்கியிருந்தது. மாலுமிகளுக்கு அது பெரிய வரம்.

சூரியனும் நட்சத்திரங்களும் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று அறிய மாலுமி புரட்டுகிற கடல் பஞ்சாங்கம், பூமியின் சுழற்சியை வைத்து அளக்கும் யுடி1 நேரத்தின்படி கணிக்கப்படுகிறது. வானொலியும் கைப்பேசியும் சொல்வதோ யுடிசி. அது சீசியம் அணுக்கடிகாரங்களின் நடையில் ஓடுவது. இந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை.

பூமி ஆண்டுக்கு ஒரு விநாடி மெதுவாகிக்கொண்டே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கடல் ஓதங்களின் உராய்வால் நாளின் நீளம் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிவிநாடிதான் கூடுகிறது. ஆனால் 1967-இல் அணுவை வைத்து விநாடியை வரையறுத்தபோது, அதன் நீளம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூமியின் நடைக்குப் பொருந்துவதாக அமைந்துவிட்டது. நம் காலத்து நாளோ அதைவிடக் கொஞ்சம் நீளம். வரவைவிட தினமும் ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவழிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செலவு கூடவில்லை, கடன்தான் கூடுகிறது. நாளுக்கு 2 மில்லிவிநாடி மிச்சம் என்றால் 500 நாளில் ஒரு விநாடி.

அந்தக் கடனைத் தீர்க்க, யுடிசியில் அவ்வப்போது ஒரு விநாடியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 1972-இல் வந்த அந்த ஏற்பாடுதான் லீப் விநாடி. யுடிசிக்கும் யுடி1-க்கும் இடையே 0.9 விநாடிக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது விதி. 0.9 விநாடி என்றால் நானூறு மீட்டர் சொச்சம். ஆடுகிற தளத்தில் நின்று செக்ஸ்டன்டில் ஒரு மைல் துல்லியம் கிடைத்தாலே கைதேர்ந்தவர் என்பார்கள். அந்தப் பிழைக்குள் இது கரைந்துவிடும். அதற்கும் மேல் துல்லியம் வேண்டுவோருக்கு வானொலியில் ஒரு வசதி உண்டு. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையம் சிற்றலையில் ஒலிக்கும் விநாடித் தட்டல்களில், நிமிடத் தொடக்கத்தில் சில இரட்டைத் தட்டலாக வரும். ஒவ்வோர் இரட்டைத் தட்டலும் பத்தில் ஒரு விநாடித் திருத்தம், காதால் எண்ணிக்கொள்ளலாம்.

கடைசி லீப் விநாடி 2016 டிசம்பர் 31 நள்ளிரவில் சேர்ந்தது. இந்தியாவில் அப்போது புத்தாண்டுக் காலை; 5:29:59-க்குப் பிறகு 5:29:60 என்று ஒரு விநாடி வந்துபோனது. அன்று கடிகாரத்தைத் திருத்த மறந்த மாலுமிக்கு, புத்தகக் கணக்குப்படி நிலை கால் மைல் மேற்கே தள்ளிக் காட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அதற்கு முன் யுடிசி பூமியைவிட 0.4 விநாடி முந்தியிருந்தது; திருத்திய பிறகு 0.6 விநாடி பிந்தியது. ஆக, மறதிக்காரரின் கடிகாரமே அன்றைக்குப் பூமிக்கு நெருக்கம்!

மாலுமிக்கு உதவிய இந்த ஏற்பாடு கணினிகளுக்குத் தலைவலியாகிவிட்டது. 60 என்ற விநாடியை அவற்றின் நிரல்கள் எதிர்பார்ப்பதில்லை. 2012 ஜூன் 30-இல் லினக்ஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு பிழையால் பல இணையதளங்கள் தடுமாறின. ஜிபிஎஸ் இந்தச் சிக்கலுக்குள்ளேயே வரவில்லை. 1980 ஜனவரியில் தொடங்கிய தன் நேரத்தை அப்படியே ஓட்டுகிறது. இப்போது அது யுடிசியைவிட 18 விநாடி முன்னே இருக்கிறது. கழிக்க வேண்டிய எண்ணைச் செயற்கைக்கோள்கள் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகின்றன. ஆகவே நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவியைப் போட்ட கையோடு அதன் நேரத்தை நம்பிச் சூரியனை அளக்காமல் இருப்பது நல்லது.

2016-க்குப் பிறகு 2025 வரை ஒரு லீப் விநாடிகூடத் தேவைப்படவில்லை. பூமி சற்றே வேகமெடுத்திருக்கிறது. ஒரு விநாடியைக் கழிக்க நேருமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. கழித்துப் பார்த்த அனுபவம் எந்தக் கணினிக்கும் கிடையாது. இதற்கிடையே 2022 நவம்பரில் எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு, 0.9 என்ற வரம்பை 2035-க்குள் தளர்த்துவது என்று தீர்மானித்தது.

வரம்பு ஒரு நிமிடம் வரை போனால் பூமத்திய ரேகையில் 15 மைல் பிழை. எந்தச் செக்ஸ்டன்டும் அதை மறைக்காது. ஆனால் தப்பிக்க வழி எளிது. மாலுமியின் குறிப்பேட்டில் கடிகாரப் பிழையைக் கழிக்க ஏற்கெனவே ஒரு வரி உண்டு. அதற்குக் கீழே யுடி1 திருத்தம் என்று இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கும்.