கொடைக்கானல் ஏரிக்கு ஒரே கோடு: வெக்டர் வளைவுகளைச் சேர்க்கும் கணக்கு

கொடைக்கானல் ஏரியை வரைவது லேசான வேலை அல்ல. 1863-இல் மதுரை கலெக்டர் வெரே ஹென்றி லெவின்ஜ் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது, அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கின் மடிப்புகளுக்குள் எல்லாம் புகுந்து நின்றது. அதனால்தான் ஏரிக்கு அந்த நட்சத்திர வடிவம். ஏரிச் சாலையில் ஒரு சுற்று நடந்தவர்களுக்குத் தெரியும்: நீர்முனை உள்ளே போகும், வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். விடுதிகளின் வழிகாட்டி வரைபடம், ஹோம்மேட் சாக்லேட் டப்பாவின் லேபிள், வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் என்று பல வேலைகளுக்கு இந்த உருவம் தேவைப்படுகிறது.

செயற்கைக்கோள் படத்தைக் கீழே வைத்து, வெக்டர் மென்பொருளின் (கோடுகளைப் புள்ளிக் கணக்காகச் சேமிக்கும் வரைகலை மென்பொருள்) பேனா கருவியால் துண்டு துண்டாகக் கரையை வரைந்துவிடலாம். திரையில் அழகாகவே இருக்கும். கட்டிங் மெஷினுக்குப் போனதும்தான் குறை வெளிப்படும். துண்டுகள் சந்திக்கும் இடத்தில் கத்தி முழுதாக வெட்டாமல் விட்டிருக்கும். ஸ்டிக்கரை உரித்தால் அங்கே கிழியும். இல்லையென்றால் வெட்டு சரியாக இருந்தும், கரையில் ஒரு சின்ன முட்டு தெரியும். முதலாவது, நோடுகள், அதாவது துண்டுகளின் முனைப்புள்ளிகள், சேராததால் வருவது. இரண்டாவது, நோடுகள் சேர்ந்தும் வளைவுகள் சேராததால் வருவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மென்பொருள் கோட்டை வெறும் கோடாக வைத்துக்கொள்வதில்லை. கோரல் டிராவோ இங்க்ஸ்கேப்போ, ஒவ்வொரு வளைவுத் துண்டையும் நான்கு புள்ளிகளாகத்தான் சேமிக்கிறது. இரண்டு முனைகளிலும் இரண்டு நோடுகள். ஒவ்வொரு நோடிலிருந்தும் நீளும் ஹேண்டிலின் (வளைவை இழுத்துத் திருப்பும் கைப்பிடிக் கோடு) நுனிகள் இரண்டு. வளைவு நோடுகள் வழியாகப் போகும். ஹேண்டில் நுனிகளைப் பொதுவாகத் தொடாது, அவற்றின் பக்கம் இழுபட்டு வளையும்.

முதல் குறையை முதலில் தீர்த்துவிடலாம். இரண்டு கோடுகளின் முனை நோடுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தாலும், சேர்க்கச் சொல்லாதவரை மென்பொருளுக்கு அவை இரண்டு தனி நோடுகள்தான். கோரல் டிராவின் இயல்பு அமைப்பில், திறந்து கிடக்கும் கோட்டுக்கு நிறம் ஏறாது. ஏரிக்கு நீலம் கொடுத்தும் ஏறவில்லை என்றால் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இங்க்ஸ்கேப்பில் கவனம் வேண்டும். அங்கே திறந்த கோட்டுக்கும் நிறம் ஏறும், ஏனென்றால் அது பின்பற்றும் எஸ்.வி.ஜி. (வெக்டர் படங்களுக்கான கோப்பு வடிவம்) விதிப்படி நிறம் நிரப்பும்போது மட்டும் இரு முனைகளையும் நேர்கோட்டால் மூடியதாகக் கொள்ள வேண்டும். நிறம் ஏறிவிட்டதே என்று நம்பக் கூடாது.

இங்க்ஸ்கேப்பில், இரண்டு கோடுகளையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்–கே அழுத்தி ஒரே பாதையாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு நோடு கருவியால் இரண்டு முனைகளையும் பிடித்து ஷிஃப்ட்–ஜே. அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் இடையே தூரம் இருந்தால், சேர்ந்த நோடு பொதுவாக நடுப்புள்ளியில் போய் உட்காரும்; இரு பக்கத்துக் கரையும் சற்று இடம்மாறிவிடும். ஸ்னாப்பை (அருகில் கொண்டுபோனதும் தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி) இயக்கி, ஒரு நோடை மற்றதன்மேல் முதலில் பொருத்திவிட்டுச் சேர்ப்பதுதான் சரியான வழி.

இனி முட்டுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு வளைவை எப்படிச் சேர்ப்பது என்று தெரிய வேண்டுமானால், அது எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால் போதும்.

1959-இல் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் வேலை பார்த்த பால் டி கஸ்தெல்ஜோ என்ற கணித வல்லுநர் இந்தப் பிரிப்பைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே 1960-களில் தன் முறையை வெளியிட்டதால், வளைவுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. பிரிப்பு முறையைப் பள்ளிப் பிள்ளைகள்கூட ஸ்கேலும் பென்சிலும் வைத்துச் செய்து பார்க்கலாம். நான்கு புள்ளிகளை வரிசையாக நேர்கோடுகளால் இணையுங்கள்: மூன்று கோடுகள் கிடைக்கும். அவற்றின் நடுப்புள்ளிகள் மூன்றைக் குறித்து இணைத்தால் இரண்டு கோடுகள். அந்த இரண்டின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. அந்த ஒற்றைக் கோட்டின் நடுப்புள்ளி வளைவின்மேலேயே விழும்.

அந்த இடத்தில்தான் புதிய நோடு பிறக்கிறது. கடைசியாகப் போட்ட கோட்டின் இரண்டு பாதிகளும் அதன் இரண்டு ஹேண்டில்கள். அவை ஒரே நேர்கோட்டில், சம நீளத்தில் இருக்கின்றன. ஒரு வளைவை வெட்டியதால் வந்த துண்டுகள் என்பதால் அவற்றுக்கிடையே முட்டு இருக்கவே முடியாது. நடுவில் நோடு சேர்த்தால் வடிவம் இம்மியும் மாறாததற்குக் காரணம் இதுதான்.

இதைத் திருப்பிப் போட்டால் சேர்ப்பதற்கான நிபந்தனை வந்துவிடுகிறது. ஹேண்டில்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் திசை பொருந்தும். ஸ்மூத் பொத்தான் இதைச் செய்கிறது. சிம்மெட்ரிக் பொத்தான் கூடவே நீளத்தையும் சமமாக்குகிறது. பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். திசை பொருந்தினாலும் வளைவின் அளவு, அதாவது எவ்வளவு கூர்மையாக வளைகிறது என்பது, பொருந்தாமல் போகலாம்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரான சாலை முடிந்து வட்டமான வளைவு உடனே தொடங்கினால், சாலையில் எங்கும் மூலை இருக்காது. ஆனாலும் அந்தப் புள்ளியில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பியாக வேண்டும்; நிற்கும் பயணிகள் சாய்வார்கள். அதனால்தான் சாலைப் பொறியாளர்கள் இரண்டுக்கும் நடுவே, வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் ஓர் இடைநிலை வளைவைச் செருகுகிறார்கள். பேருந்தில் உடம்பு உணர்வதை வரைபடத்தில் கண் உணர்கிறது.

வளைவின் அளவைக் கணக்கிட ஒரு சின்னச் சூத்திரம் உண்டு. நோடிலிருந்து அதன் ஹேண்டில் நுனி வரையுள்ள நீளத்தை ‘அ’ என்போம். அதே துண்டின் மறுமுனையிலுள்ள ஹேண்டிலின் நுனி, இந்த நோடின் தொடுகோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அது ‘உ’. நோடு இருக்கும் இடத்தில் வளைவின் ஆரம் (அங்கே வளைவோடு ஒட்டிப்போகும் வட்டத்தின் ஆரம்) 3அ² ÷ 2உ. அ 30 மி.மீ., உ 15 மி.மீ. என்றால் ஆரம் 90 மி.மீ. ஹேண்டிலை மட்டும் பாதியாக்கி 15 மி.மீ. ஆக்கினால் ஆரம் 22.5 மி.மீ., அதாவது கால்பங்கு! ஸ்மூத் நோடின் ஒரு பக்கம் நீண்ட ஹேண்டிலும் மறுபக்கம் குட்டை ஹேண்டிலும் இருந்தால் கரையில் முட்டு தெரிவது இதனால்தான். சிம்மெட்ரிக் நோடிலும் ‘உ’ இரு பக்கமும் வேறாக இருந்தால் குறை அப்படியே இருக்கும்.

சூத்திரம் போடாமலும் சோதிக்கலாம். சிம்மெட்ரிக் நோடின் ஒரு பக்கத்தில், தொலைவிலுள்ள ஹேண்டில் நுனியிலிருந்து அருகிலுள்ள ஹேண்டில் நுனிக்குக் கோடு இழுத்து, அதே நீளம் அப்பாலும் நீட்டுங்கள். மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் முடிந்தால் வளைவு பொருந்திவிட்டது. அந்தப் புள்ளி, மேலே செய்த பிரிப்பில் முதலில் குறித்த மூன்று நடுப்புள்ளிகளில் நடுவிலுள்ளதேதான். பொருந்தவில்லை என்றால், தொலைவிலுள்ள ஹேண்டில்களைச் சற்று அசைத்துச் சரிசெய்யலாம்.

இவ்வளவும் ஒவ்வொரு நோடுக்கும் செய்வது முடியாத காரியம். ஆகவே நோடுகளைக் குறைப்பதுதான் பெரிய உதவி. ஏரியின் ஒரு முனை மடிந்து அடுத்த குடாவுக்குள் திரும்பும் இடத்தில் கரை எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கும். பழகாதவர்கள் சரியாக அங்கேயே ஒரு நோடு வைப்பார்கள். வேண்டாம். ஒரே துண்டு ஒருமுறை இப்படித் திசை மாறி வளையும் திறன் கொண்டது. மாற்றத்தை அதற்குள்ளேயே விட்டுவிட்டு, வளைவின் உச்சிகளில் நோடு வையுங்கள். ஹேண்டிலின் நீளம் அந்தத் துண்டின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் வளைவு இயல்பாக அமையும். கால் வட்டத்தை வரைய ஆரத்தைப் போல 0.5523 மடங்கு ஹேண்டில் வேண்டும். அது கால்வட்ட நீளத்தில் 35 சதவீதம். அப்படி வரைந்த வட்டம் உண்மை வட்டத்திலிருந்து 0.03 சதவீதத்துக்கும் குறைவாகவே விலகும்.

எல்லா நோடையும் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக ஸ்மூத் கொடுப்பவர்களும் உண்டு. அது ஏரிக்குச் செய்யும் அநியாயம். படகுத்துறையின் மூலை உண்மையிலேயே மூலை. அங்கே கஸ்ப் நோடுதான் வேண்டும். இரண்டு ஹேண்டில்களும் தனித்தனித் திசையில் போகட்டும். நோடுகள் மட்டும் ஒழுங்காகச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் தடித்த கோட்டில் அந்த மூலையில் ஒரு பிளவு தெரியும், ஏனென்றால் மென்பொருள் அங்கே மூலையை வரையாமல் இரண்டு கோடுகளின் முடிவுகளைத்தான் வரைகிறது.