நிகழ்ச்சி நாட்காட்டியில் கோளாறா? பிளகினை நீக்கும் முன் பார்க்க வேண்டியவை

இணையதளத்தில் ஒரு படம் வராமல் போனால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நிகழ்ச்சி நாட்காட்டி தவறிப்போனால் அப்படித் தெரியாது. பக்கம் ஒழுங்காகத் திறக்கும். தேதி, நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாம் இருக்கும். அதை நம்பி வயதான ஒருவர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தின் முன்னால் நிற்பார். பக்கமே திறக்காத தளத்தைவிடத் தவறான நேரம் காட்டும் தளம் அதிகக் கெடுதல் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கோயில்கள், சங்கீத சபாக்கள், பள்ளிகள், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் ஆகியவற்றின் வேர்ட்பிரஸ் (இணையதளம் கட்டும் மென்பொருள்) தளங்களைப் பராமரிப்பது என் தொழில். நாட்காட்டி தொடர்பாக வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "பிளகின் கெட்டுப்போய்விட்டது, வேறு ஒன்று போட்டுக் கொடுங்கள்." போய்ப் பார்த்தால் பிளகின், அதாவது தளத்தில் நாட்காட்டி போன்ற கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள், நன்றாகவே இருக்கும். தளத்தின் நேர அமைப்பு, கேஷ் (சேமித்து வைத்த பக்க நகல்), முகவரி அமைப்பு, பின்னணி வேலைகள் என்று சுற்றியுள்ள ஏதோ ஒன்றில்தான் பழுது இருக்கும். பிளகினை மாற்றினாலும் அந்தப் பழுது அங்கேயே இருக்கும். போதாக்குறைக்குப் பழைய நிகழ்ச்சிகளின் பதிவுகளும் போய்விடும்.

இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிளகினை முடக்குவது வேறு, நீக்குவது வேறு. முடக்கினால் நிகழ்ச்சிகள் தரவுத்தளத்தில் அப்படியே இருக்கும். நீக்கினால், சில பிளகின்கள் தமது அட்டவணைகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். 'நீக்கிவிட்டு மறுபடியும் போட்டுப் பார்ப்போம்' என்ற யோசனை வந்தால், பேக்கப் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

பக்கத்தில் மாலை, கைபேசியில் நள்ளிரவு

ஒரு சபாவின் செயலாளர் என்னிடம் சொன்ன புகார் இது: "தம்பி, நம் தளத்தில் கச்சேரி மாலை ஆறரைக்கு என்றுதான் இருக்கிறது. ஆனால் உறுப்பினர்களின் கைபேசி நாட்காட்டியில் இரவு பன்னிரண்டு மணி என்று காட்டுகிறதாம்."

பன்னிரண்டு மணி என்று கேட்டதுமே காரணம் தெரிந்துவிட்டது. வேர்ட்பிரஸை நிறுவும்போது, நாம் மாற்றாதவரை நேர மண்டலம் பொதுவாக யூடிசி (உலகப் பொது நேரம்) என்றே இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தளம் யூடிசியில் இருக்கும்போது மாலை 6:30 என்று நிகழ்ச்சியைப் பதிந்தால், பக்கத்தில் அது 6:30 என்றே தெரியும். எழுதியதை அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் பார்வையாளர் 'கூகுள் காலண்டரில் சேர்' என்ற பொத்தானை அழுத்தும்போது, 'யூடிசி மாலை 6:30' என்ற செய்தி அவர் கைபேசிக்குப் போகிறது. கைபேசி அதை இந்திய நேரத்துக்கு மாற்றி 12:00 என்று காட்டுகிறது. கூட்டல் கணக்கு சரியாகத்தான் நடந்திருக்கிறது, கொடுத்த எண்தான் தவறு. இதே காரணத்தால் முடிந்துபோன நிகழ்ச்சியும் ஐந்தரை மணி நேரம் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கும்.

திருத்தும் இடம் 'அமைப்புகள்' பகுதியில் 'பொது' என்ற பக்கம். அங்கே எண்ணாக இருக்கும் 'யூடிசி+5:30' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், 'கொல்கத்தா', 'கொழும்பு', 'சிங்கப்பூர்' என்று ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. லண்டனிலும் டொராண்டோவிலும் தெரியும். பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னிழுக்கிறார்கள். எண்ணாக 'யூடிசி+0' என்று வைத்த லண்டன் தளத்தில் பொங்கல் விழா சரியான நேரத்தைக் காட்டும். அதே தளத்தில் சித்திரைப் புத்தாண்டு விழா கைபேசிகளில் ஒரு மணி நேரம் பிசகும். ஊர்ப் பெயரைக் கொடுத்திருந்தால் இந்தக் கோடைகால மாற்றத்தை வேர்ட்பிரஸே பார்த்துக்கொள்ளும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 'தி ஈவென்ட்ஸ் காலண்டர்' போன்ற பிளகின்கள் ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் அதன் நேர மண்டலத்தைத் தனியாகச் சேமிக்கின்றன. தளத்தின் அமைப்பை இன்று திருத்தினாலும், நேற்றுவரை பதிந்தவை பழைய மண்டலத்தையே சுமந்துகொண்டிருக்கும். வரவிருக்கும் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றையும் திறந்து, மண்டலத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் செய்யாமல் விடக்கூடாது.

பிரதோஷம் 'மாதம் இருமுறை' ஆகாது

கோயில் தளங்களில் நான் அதிகம் திருத்துவது இந்தத் தவற்றைத்தான். பிளகினில் 'திரும்ப நிகழும்' என்ற வசதியைப் பார்த்ததும், பிரதோஷத்தை 'பதினைந்து நாளுக்கு ஒருமுறை' என்று போட்டுவிடுகிறார்கள். முதல் ஒன்றிரண்டு முறை சரியாக வரும். அப்புறம் ஒரு நாள் தள்ளும், பிறகு இரண்டு நாள். பிரதோஷம் திரயோதசி திதியைப் பொறுத்தது. கிருத்திகை நட்சத்திரத்தைப் பொறுத்தது. பிளகின்களின் திரும்ப நிகழும் விதிகளோ 2009-இல் வெளியான ஆர்எஃப்சி 5545 என்ற ஐகாலண்டர் தரத்தை ஒட்டியவை. அதற்கு ஆங்கிலத் தேதியும் கிழமையும் மட்டுமே தெரியும், திதி தெரியாது. ஆகவே பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கான தேதிகளைத் தனித்தனியாகப் பதிவதுதான் ஒரே வழி. ஆடி வெள்ளிக்கு இந்தச் சிரமம் இல்லை. வாரந்தோறும் வெள்ளி என்று வைத்து, ஆடி முடியும் தேதியை எல்லையாகக் கொடுத்தால் போதும்.

எல்லைத் தேதி கொடுக்காமல் 'என்றென்றும்' என்று விடாதீர்கள். சில பிளகின்கள் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பதிவை உருவாக்கித் தரவுத்தளத்தை நிரப்பிவிடும், தளம் மெதுவாகும். மாதந்தோறும் 31-ஆம் தேதி என்று வைத்தால், 31 இல்லாத மாதங்களில் நிகழ்ச்சி வராது. அந்தத் தரமே அப்படித்தான் சொல்கிறது. மாதக் கடைசி நாள் வேண்டுமென்றால் 'கடைசி நாள்' என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

சிவராத்திரி போல மாலையில் தொடங்கி மறுநாள் காலை முடியும் நிகழ்ச்சி, மாதக் கட்டத்தில் இரண்டு நாளிலும் தெரியும். பக்தர்கள் இரண்டு நாள் விழா என்று எண்ணிக்கொள்வார்கள். 'நாள் முடியும் நேரம்' என்ற அமைப்பை நள்ளிரவிலிருந்து காலை 6 அல்லது 7 மணிக்குத் தள்ளி வைத்தால் இது சரியாகும்.

எக்செல் பட்டியலை ஏற்றும்போது

ஆண்டு முழுவதற்குமான பட்டியலை ஒரே கோப்பாக ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டும். 05/04 என்று எழுதினால் நமக்கு அது ஏப்ரல் 5. வேர்ட்பிரஸ் இயங்கும் பிஎச்பி மொழிக்குச் சாய்கோடு இருந்தால் அமெரிக்க வழக்கம்தான். மே 4 என்று எடுத்துக்கொள்ளும். அதே தேதியை 05-04-2026 என்று சிறுகோட்டோடு எழுதினால் ஏப்ரல் 5 என்று சரியாகப் புரிந்துகொள்ளும். இந்தக் குழப்பத்தின் அடையாளம் ஒன்று உண்டு. 12-ஆம் தேதி வரையிலான நிகழ்ச்சிகள் வேறு வேறு மாதங்களில் போய் உட்கார்ந்திருக்கும், 13-உம் அதற்கு மேற்பட்டவையும் ஏறாமலே நின்றுபோயிருக்கும். 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2026-04-05 என்று எழுதிவிட்டால் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

நிர்வாகிக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை

இந்த வாக்கியத்தைக் கேட்டால் முதலில் கேஷைச் சந்தேகியுங்கள். பக்கத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அதையே எல்லோருக்கும் கொடுப்பது கேஷின் வேலை. உள்நுழைந்திருக்கும் நிர்வாகிக்கு அது பொதுவாக நகலைக் கொடுக்காது. அதனால்தான் அலுவலகத்தில் சரியாகத் தெரிவது வீட்டில் பழையதாகத் தெரிகிறது. பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே பழையதும், உள்நுழைந்த சாளரத்தில் புதியதும் தெரிந்தால் ஐயமே வேண்டாம். கேஷ் பிளகினில் மட்டும் அழித்தால் போதாது. தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் தன் பங்குக்கு ஒன்று வைத்திருக்கும், கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை இருந்தால் அங்கேயும் ஒன்று இருக்கலாம்.

'அடுத்த மாதம்' அம்புக்குறியை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதும் பல நேரங்களில் கேஷின் வேலைதான். வேர்ட்பிரஸ் பக்கத்துக்குள் வைக்கும் பாதுகாப்புச் சாவி அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும். அதைவிடப் பழைய நகல் பக்கத்தில் காலாவதியான சாவி இருக்கும். அதைச் சரிபார்க்கும் இடத்தில் சர்வர் கோரிக்கையை மறுத்துவிடும். கேஷ் ஆயுளைப் பத்து மணி நேரத்துக்குள் வைத்தால் இது எழாது. அப்படியும் சுற்றினால், பக்கம் சர்வரிடம் தரவு கேட்கும் 'ரெஸ்ட் ஏபிஐ' என்ற வழியைப் பாதுகாப்பு பிளகின் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நாட்காட்டி அடுத்த மாதத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

தமிழ்த் தலைப்பும் 404-உம்

நிகழ்ச்சிப் பக்கங்கள் மட்டும் 404 ('பக்கம் இல்லை' என்ற பிழை) காட்டினால், 'அமைப்புகள்' பகுதியில் 'நிரந்தர இணைப்புகள்' பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் 'சேமி' என்று அழுத்துங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்படும், பல நேரங்களில் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால், பிளகின் பயன்படுத்தும் 'ஈவென்ட்ஸ்' என்ற அதே முகவரியில் யாராவது ஒரு பக்கத்தையும் உருவாக்கி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகளில் இதை நான் கண்டதில்லை. வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கும் இடம் 200 குறிகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு குறி. தமிழில் எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒன்பது குறிகள் செலவாகும். 22-க்கு மேல் இடமில்லை. 'திருவாதிரைத் திருவிழா இன்னிசைக் கச்சேரி' என்று தலைப்பு வைத்தால், முகவரி 'திருவாதிரைத்-திருவிழா-இன' என்று அறுந்துபோகும். அடுத்து 'திருவாதிரைத் திருவிழா இன்னமுது வழங்கல்' என்று பதிந்தால் அதற்கும் அதே முகவரி வந்து, கடைசியில் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். வாட்ஸாப்பில் பகிரும்போது சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகத் தெரிவதால், பலர் அதை மோசடி இணைப்பு என்று அஞ்சி அழுத்துவதில்லை. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரிப் பெட்டியில் மட்டும் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக, ஆண்டோடு சேர்த்து நீங்களே தட்டிவிடுங்கள்.

நினைவூட்டல் போகவில்லை, பக்கமே வெள்ளையாகிவிட்டது

நினைவூட்டல் மின்னஞ்சல், வெளி நாட்காட்டியிலிருந்து நிகழ்ச்சிகளை இறக்குவது போன்ற வேலைகள் வேர்ட்பிரஸின் 'கிரான்' மூலம் நடக்கின்றன. யாராவது தளத்துக்கு வந்தால்தான் அது விழிக்கும். ஆள் வராத சிறு தளத்தில், அல்லது எல்லாப் பக்கமும் கேஷிலிருந்தே போகும் தளத்தில், அது தூங்கிக்கொண்டே இருக்கும். ஹோஸ்டிங் பலகத்தில் கால் மணிக்கு ஒருமுறை அதை எழுப்பும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

அப்டேட் செய்ததும் தளம் வெள்ளையாகிவிட்டால் பதற வேண்டாம். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்றை அனுப்புகிறது. எந்த பிளகினால் பழுது என்றும் அதில் இருக்கும். அந்த மின்னஞ்சல் முகவரி இன்றும் உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல சங்கங்களில் அது முன்னாள் பொருளாளருடையதாக இருக்கிறது. மின்னஞ்சல் வராவிட்டால், கோப்பு மேலாளரில் அந்த பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றினால் அது முடங்கும், தளம் எழுந்துவிடும்.

எந்த பிளகின் எதோடு மோதுகிறது என்று தெரியாதபோது, ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் ஒவ்வொன்றாக முடக்கிப் பார்ப்பதைவிட 'ஹெல்த் செக்' பிளகினின் சோதனை முறை பாதுகாப்பானது. உங்கள் கண்ணுக்கு மட்டும் எல்லாம் முடங்கியிருக்கும், பார்வையாளர்களுக்குத் தளம் வழக்கம்போல ஓடும். ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

காசு கட்ட வேண்டிய பிளகினை இலவசமாகக் கொடுக்கும் தளங்களிலிருந்து எடுத்துப் போட்டவர்களிடம் நான் கடுமையாகத்தான் பேசுவேன். அதில் என்ன செருகியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது, பாதுகாப்பு அப்டேட்டும் வராது. 2024 ஜூலையில் 'மாடர்ன் ஈவென்ட்ஸ் காலண்டர்' பிளகினின் 7.11.0 வரையிலான பதிப்புகளில், சர்வருக்குள் விருப்பப்பட்ட கோப்பை ஏற்ற இடம் தரும் ஓட்டை வெளியே தெரிந்தது. 7.12.0 பதிப்பில் அதை அடைத்தார்கள். முறையாக வாங்கியவர்களால் உடனே புதுப்பித்துக்கொள்ள முடிந்தது.

இவ்வளவும் பார்த்தும் தீராவிட்டால் பிளகினை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் வரத் தாமதமாகும். எந்தப் பக்கம், என்ன வர வேண்டும், என்ன வருகிறது, எப்போதிலிருந்து என்று எழுதி, 'தள நலம்' பக்கத்தில் உள்ள தகவலை நகலெடுத்து இணையுங்கள். அவர்கள் உள்ளே வந்து பார்க்கக் கேட்டால் உங்கள் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்த அன்றே அதை நீக்கிவிடுங்கள்.