கார்ட் வாங்க முதல் மூடியைக் கழற்றுங்கள்

பரந்தனில் பஸ் மாறி, மடியில் ஒரு பெட்டியோடு கடைக்கு வந்தான் ஒரு தம்பி. ஊர் புதுக்குடியிருப்பு, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவன். பெட்டிக்குள் கேம் படத்தை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்ட்: இரண்டு காற்றாடி, என் முழங்கை நீளம். "அண்ணை, இதைப் பூட்டித் தரவேணும். கொம்பியூட்டரை நாளைக்கு அப்பா கொண்டு வருவார்" என்றான். எப்படிப்பட்ட கொம்பியூட்டர் என்று கேட்டேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினான். அந்த இடைவெளியைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த ஒல்லிப் பெட்டிதான் அது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்று வீட்டுக் கணினி என்றால் பெரும்பாலும் இதுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு புதுக் கணினி பலருக்கும் எட்டாமல் போய்விட்டது. ஆகவே எல்லோரும் இந்தப் பெட்டிகளின் பக்கம் திரும்பினார்கள். அதில் பிழையில்லை. கோர் ஐ5 புரொசெசரும் எஸ்எஸ்டியும் இருந்தால் பாடவேலைக்கும் கடைக்கணக்குக்கும் இன்னும் பல வருடம் தாங்கும். ஆனால் பில் அடிக்கவும் கடிதம் எழுதவும் செய்த பெட்டி அது. அதற்குள் கேம் கார்ட் போட நினைத்தால், எந்தக் கார்ட் என்பதைப் பெட்டிதான் சொல்லும். விளம்பரம் சொல்லாது.

அடுத்த நாள் அப்பா பெட்டியை உரப்பையில் சுற்றிக் கொண்டு வந்தார். மூடியைத் தள்ளிக் கழற்றினேன். காற்றாடியில் செம்மண் தூசி ஒரு படை, பவர் சப்ளைக்கு அடியில் இரண்டு பல்லி முட்டை. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். தூசியைத் துடைத்துவிட்டு அந்தக் கார்டைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். சாதாரண கார்டின் பின்பக்கத் தகடு 12 சென்ரிமீற்றர் உயரம். ஒல்லிப் பெட்டிக்குள் போவது 8 சென்ரிமீற்றர் தகடு போட்ட குள்ளக் கார்ட் மட்டும். தம்பி ஒன்றும் பேசவில்லை. அப்பா மட்டும் "மூடியைத் திறந்து வைச்சுப் பாவிக்கேலாதோ?" என்று கேட்டார். பல்லி முட்டையைக் காட்டினேன்.

உயரம் சரியாக இருந்தாலும் தடிப்பு இருக்கிறது. குள்ளக் கார்ட்களிலும் பல, இரண்டு ஸ்லொட் (மதர்போர்டில் கார்டைக் குத்தும் இடம்) அளவை அடைப்பவை. சில மொடல்களில் நீளமான ஸ்லொட் பவர் சப்ளையை ஒட்டியே இருக்கும். அங்கே ஒற்றைத் தடிப்புக் கார்ட்தான் இறங்கும். மூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒருவரும் அனுப்புவதில்லை, காசு கட்டிய பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

சரி, இடம் இருக்கிறது என்று வைப்போம். அடுத்தது கரண்ட். இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை 180, 200, 240 வாட் என்ற அளவில்தான் இருக்கும். பக்கத்து லேபிளில் எழுதியிருக்கும். கார்ட் குந்தும் ஸ்லொட் தரக்கூடிய உச்சம் 75 வாட். சில ஒல்லிப் பெட்டிகளில் அதற்கும் குறைவு. அந்த மொடலின் கையேட்டைப் பார்த்தால் தெரியும். அதற்கு மேல் கேட்கும் கார்டில் 6 பின் அல்லது 8 பின் துளை இருக்கும். அதில் குத்துவதற்கான வயர் உங்கள் பவர் சப்ளையில் இருக்கவே இருக்காது.

"அப்ப பெரிய பவர் சப்ளை ஒன்று போடுவம்" என்பார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அந்தப் பெட்டிக்குள் போகாது. போனாலும் பெரும்பாலும் பிளக் பொருந்தாது. இந்தப் பெட்டிகளைச் செய்யும் கம்பனிகள் பல, மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் வழமையான 24 பின்னை விட்டுவிட்டுத் தங்களுக்கென்று வேறு பிளக் வைத்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் ஆட்கள் கன்வேர்ட்டர் வயரைத் தேடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் அந்தத் துண்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். கணக்கைப் பாருங்கள். சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர். மொத்தம் 54 வாட். 6 பின் துளையோ 75 வாட் வரை இழுக்கும். மாங்குளப் பக்கத்திலிருந்து ஒருமுறை இப்படி ஒன்று என்னிடம் வந்தது. பிளக்கின் கறுப்புப் பிளாஸ்ரிக் உருகி வழிந்து ஹார்ட் டிஸ்க்கோடு ஒட்டியிருந்தது. கத்தியால்தான் பிரித்தேன். பிள்ளைகளின் கல்யாணப் படங்கள் முழுக்க அந்த டிஸ்க்கில். தெய்வாதீனமாக டிஸ்க் பிழைத்தது. அந்த வயர் வேண்டாம். என் கடையில் நான் அதை வைத்திருப்பதேயில்லை, சண்டை பிடித்தாலும் தரமாட்டேன்.

ஆகவே தேட வேண்டியது குள்ளமான, தனி வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் நிற்கிற கார்ட். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை (70 வாட்) எல்லாவற்றிலும் குள்ள மொடல் உண்டு. ஆனால் ஒரே பெயரில் உயரமானதும் வரும். 1650இல் 6 பின் கேட்பதும் இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், கார்டின் படத்தைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், ஒற்றைத் தடிப்பிலும் கிடைக்கும். ஆனால் அது மதர்போர்டோடு நான்கு பாதையில் மட்டும் பேசும் கார்ட். பழைய பெட்டியில் அந்தப் பாதைகளும் மெதுவானவை, போட்டால் வேகம் அடிபடும். அதோடு வீடியோ பதிவு செய்யும் என்கோடர் அதில் இல்லை. யூடியூப் செய்கிற பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஜிடி 1030 வாங்குவதென்றால் மெமரி ஜிடிடிஆர்5 என்று எழுதியதையே கேளுங்கள். டிடிஆர்4 போட்டு அதே பெயரில் வந்ததன் மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

போலிக் கார்ட்களும் ஓடித் திரிகின்றன. 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 போன்ற பழைய சிப்பின் பயோஸை (உள்ளே எழுதியிருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி, விண்டோஸில் 1050 டிஐ என்று தெரியும்படி செய்து விற்கிறார்கள். கார்டின் பின்னால் நீல நிற விஜிஏ துளை இருந்தால் சந்தேகப்படுங்கள். 1050 டிஐ சிப்புக்கு விஜிஏ கொடுக்கவே தெரியாது. காசு கொடுக்கும் முன் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட போலியைப் பெயரிலேயே குறித்துக் காட்டும்.

விஜிஏ இல்லாததால் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எங்கள் வீடுகளில் மொனிட்டர் பெரும்பாலும் பழையது, நீல வயர்தான். புதுக் கார்டில் பெரும்பாலும் எச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும்தான் இருக்கும். மொனிட்டர் வயரைப் பெட்டியின் பழைய துளையில் விட்டுவிட்டுக் கார்டில் குத்தாவிட்டால் கேமுக்குக் கார்டால் பிரயோசனமில்லை. அதற்குச் சின்னக் கன்வேர்ட்டர் ஒன்று வேண்டும். இந்தக் கன்வேர்ட்டரால் ஒன்றும் உருகாது, பயப்படாமல் வாங்கலாம். 2012, 2013 காலத்துப் பெட்டி என்றால் மதர்போர்டின் பயோஸையும் முதலில் புதுப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கார்டைப் பூட்டியும் திரை கறுப்பாகவே நிற்கலாம்.

அறிவியல் நகரிலிருந்து வரும் பொறியியல் பிள்ளைகள் பலர், வரைபடம் கீறும் ஓட்டோகேட் மென்பொருள் இறுகுகிறது, கார்ட் வேண்டும் என்று கேட்கிறார்கள். திறந்து பார்த்தால் ஒற்றை 4 ஜிபி ரேம். உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்கு போட்டுப் பாவிக்கிறது. இரண்டு 8 ஜிபி ரேமைச் சோடியாகப் போட்டால் ரேமின் பாதையும் இரட்டிப்பாகும். பலர் அதோடு கார்ட் கதையை விட்டுவிட்டார்கள். எனக்கு வியாபாரம் குறைவுதான், பரவாயில்லை.

புதுக்குடியிருப்புத் தம்பி பெரிய கார்டை மச்சானுக்கு விற்றுவிட்டு, பாவித்த குள்ள 1650 ஒன்றோடு திரும்ப வந்தான். விற்றவர் சின்னத் தகட்டைத் துலைத்துவிட்டாராம். என் பிஸ்கட் பேணிக்குள் கழித்த தகடுகள் கொஞ்சம் கிடந்தன, ஒன்று பொருந்தியது. பூட்டி, ஓட்டிக் காட்டி, விஜிஏ கன்வேர்ட்டரையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அன்றிரவே போன். "அண்ணை, கேம் முந்தின மாதிரித்தான் இறுகுது."

"மொனிட்டர் வயரை எங்க தம்பி குத்தினனி?"

"பழைய இடத்திலதான். அதில படம் வருது."

"நான் தந்த கன்வேர்ட்டர்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தூரத்தில் அவன் குரல்: "அம்மா, என்ர சேட்டைத் தோய்ச்சுப் போட்டியளோ?"