கரும்பு சொன்னதா, நாம் சொல்ல வைத்ததா?

மொரீஷியஸில் கோயில் விசேஷத்தில் வாழையிலை போட்டு ஏழு கறி சாப்பிட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஏழையும் ஒன்றாக மிக்ஸியில் அரைத்துவிட்டு உப்பு தூக்கல் என்றால், எந்தக் கறியில் என்று எப்படிச் சொல்வது? இலையை அப்படியே அரைத்து ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது எழுதப்படும் நகல்) எடுத்து, எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்ப்பதும் அதே கதைதான். கரும்பிலையில் கார்பன் டை ஆக்சைடை முதலில் பிடிப்பது இலையிடைச் செல். அதைச் சர்க்கரையாக்கும் பாதையில் சேர்க்கும் ரூபிஸ்கோ நொதி இருப்பதோ நரம்பைச் சுற்றிய உறைச் செல்லில். அரைத்தால் இரண்டும் ஒரே சட்னி.

செல்களைத் தனித்தனியே படிக்கும் முறை அதற்காகத்தான். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் சிறுசெடியின் வேரை வைத்து 2019-இல் அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. ஆனால் செடியில் முதலில் செல் சுவரைக் கரைக்க வேண்டும். செல்லுலேஸ், மாசரோசைம் என்ற சுவரரிக்கும் நொதிகள் கலந்த கரைசலில் இலைக் கீற்றுகளை ஊறப்போட்டால், இரண்டொரு மணி நேரத்தில் நீர் மெல்லப் பச்சையாகும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சுவரிழந்த செல்கள் பட்டாணி போல உருளும். அந்த அழகில் மயங்கித்தான் நான் சறுக்கினேன்.

தண்ணீரின்றி வாடவிட்ட கரும்பின் முதல் தரவில், காயத்துக்கும் நோய்க்கும் விழித்துக்கொள்ளும் மரபணுக்கள் எகிறி நின்றன. வறட்சியின் வேலை என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அப்புறம் பார்த்தால், நன்றாகத் தண்ணீர் குடித்த செடியிலும் அதே எகிறல்! கடையில் வாங்கும் செல்லுலேஸே ட்ரைகோடெர்மா என்ற பூஞ்சையிலிருந்து வருவதுதான். சுவர் அரிபட்டால் செடி சும்மா இருக்குமா? நான் படித்தது வறட்சியை அல்ல, என் ஊறலை.

இப்போது ஒரே இலையில் பாதியை ஊறவைக்கிறோம், பாதியை வெட்டியவுடன் திரவ நைட்ரஜனில் போடுகிறோம். ஊறலில் மட்டும் ஏறும் மரபணுக்கள் சந்தேகப் பட்டியலுக்குப் போகும். உறைந்த இலையிலிருந்து உட்கருவை மட்டும் பிரிப்பது இன்னொரு வழி. ஆர்என்ஏ குறைவாகக் கிடைக்கும், ஆனால் செடிக்குப் பதற நேரமிருக்காது.

  

உறைச் செல் சங்கதி வேறு. அதன் தடித்த சுவர் லேசில் கரையாது. அதனால் தரவில் அவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். கரும்பில் உறைச் செல்லே குறைவு என்று ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தார். இலையைக் குறுக்கே மெல்லிதாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒவ்வொரு நரம்புக்கும் மாலை போட்டதுபோல் சுற்றி நின்றன. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நோட்டில் அந்த வரியை அடித்தார்.