கரட்டு உச்சியில் கொடிக்கம்பம் நடும் முன்

சுதந்திர தினம் முடிந்த மறுவாரம் ஐந்து இளைஞர்கள் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஊருக்குப் பின்னால் இருக்கும் கரட்டின் உச்சியில் குழி தோண்டி, முப்பதடி ஜி.ஐ. பைப்பை நிறுத்தி, அடியில் கான்கிரீட் போட்டுத் தேசியக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். மேலே போகும் தடத்தில் புதர்களையும் வெட்டியிருக்கிறார்கள். அது காப்புக்காடு, அதாவது அரசு அறிவித்துப் பாதுகாக்கும் காடு. வனத்துறையினர் கொடியை முறைப்படி இறக்கிக் கையில் கொடுத்துவிட்டு, பைப்பை எடுத்துக்கொண்டு வழக்குப் பதிந்துவிட்டார்கள்.

"கட்சிக் கொடியா சார் ஏத்துனோம்? நம்ம நாட்டுக் கொடிதானே?" என்றார் ஒரு தம்பி. அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.

கொடி ஏற்றுவது நம் உரிமைதான். நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தேசியக் கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவில் அடங்கும் அடிப்படை உரிமை என்றது. 2022 ஜூலையில் கொடி விதித்தொகுப்பைத் திருத்தி, பொதுமக்கள் இரவிலும் கொடி பறக்கவிடலாம் என்று ஆக்கினார்கள். பாலியஸ்டர் கொடிக்கும் இப்போது அனுமதி உண்டு.

சரி, கொடிக்கு உரிமை இருக்கிறது. குழிக்கு?

அங்கேதான் இந்தப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். காடு சாராத எந்த வேலைக்கு வன நிலத்தைக் கொடுத்தாலும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம். 2023இல் அதைத் திருத்தியபோது எல்லையோரச் சாலைகள், பாதுகாப்புக் கட்டமைப்பு, உயிரியல் பூங்கா, சூழல் சுற்றுலா வசதி என்று சிலவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். கொடிக்கம்பம் அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவது, செடி கொடிகளை வெட்டுவது எல்லாம் தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி தனிக் குற்றங்கள். வழக்கில் தேசியக் கொடி என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. குழி, கான்கிரீட், வெட்டிய புதர் மட்டும்தான்.

ஊரில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பட்டா இல்லாத பாறை என்றால் பொறம்போக்கு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொன்னால் அது காப்புக்காடா என்று பார்த்துச் சொல்வார். வனச்சரக அலுவலகத்திலும் கேட்கலாம். அப்புறம், காப்புக்காடு இல்லை என்று தெரிந்ததும் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அரசுப் பதிவேட்டில் 'காடு' என்று இருந்தாலே, உரிமையாளர் யாராக இருந்தாலும், மத்தியச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றத்தின் கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பரிலேயே தீர்ப்பாகிவிட்டது.

முறைப்படி விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். வன அனுமதிக்கு விண்ணப்பிக்க மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் இருக்கிறது. சாலை போடுபவர்களும் மின்கம்பி இழுப்பவர்களும் வருகிற வழி அது. ஒரு கம்பத்துக்காக ஊர் மன்றம் அந்த வரிசையில் நிற்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உச்சியில் காற்று வேறு இருக்கிறது. அட்டாரி எல்லையில் 2017இல் 360 அடிக் கம்பத்தில் ஏற்றிய பெரிய கொடி, சில வாரங்களுக்குள் பலமுறை கிழிந்தது. கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது. வாரம் ஒருமுறை கரடேறி யார் மாற்றுவது என்று கேட்டேன். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் இணக்கக் கட்டணம், அதாவது நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை, கட்டி வழக்கை முடித்தோம். ஊராட்சித் தீர்மானத்தோடு அடிவாரத்தில், நூலகக் கட்டடத்துக்கு முன்னால், இப்போது இருபதடிக் கம்பம் நிற்கிறது. பைப் புதிது, பழையது இன்னும் வனச்சரக அலுவலகத்தில்தான் கிடக்கிறது.